மாயன் தூக்கிய கை

பெரியோர்களே, தாய்மார்களே, முக்கியமான அறிவிப்பு ஒன்று. வாலிபால் திடலின் மூலையில் நீல வார் போட்ட இடது கால் செருப்பு ஒன்று ஆதரவற்ற நிலையில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. அதன் துணையான வலது கால், வணிகவியல் துறையைச் சேர்ந்த யாருடனோ ஓடிப்போய்விட்டதாகச் சந்தேகிக்கப்படுகிறது. உற்றார் உறவினர் உடனே மேடைக்கு வந்து, அழுகையை அடக்கிக்கொண்டு, செருப்பை அடையாளம் காட்டுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

கார்த்திகை மாதத்தின் அந்தப் பிற்பகலில் நான் மைக்கில் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் துறைகளுக்கு இடையிலான வாலிபால் போட்டி நடந்துகொண்டிருந்தது. "அழுகையை அடக்கிக்கொண்டு" என்ற இடத்தில் திடலே சிரித்தது. உடற்கல்வித் துறை உதவியாளர் பெருமாள் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கையில் போனோடு மேடையேறி வந்து என் காதருகே சொன்னார்: "நம்ம பயலுக போன பிளேன் விழுந்துருச்சாம்டா. எறங்குறப்பவாம்."

நான் மைக்கில் சொன்னேன்: "ஆட்டத்த நிறுத்துங்க. நம்ம கபடி டீம் போன விமானம் விழுந்துருச்சு."

திடல் மறுபடியும் சிரித்தது. "எதுல, ஹாஸ்டல் சாம்பார்லயா?" என்று ஒருவன் கத்தினான். அடுத்து நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் வாயைத் திறந்து காத்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றதில்தான் நம்பினார்கள்.

வடக்கே நடந்த பல்கலைக்கழகப் போட்டிக்குப் போன நம் அணியில் ஒருவரும் திரும்பவில்லை. பன்னிரண்டு வீரர்கள், பயிற்சியாளர் ஒருவர். வழக்கமாக அவர்கள் ரயிலில்தான் போவார்கள். பாதிப் பேர் கழிப்பறைக் கதவோரம் உட்கார்ந்து போய், இறங்கியதும் காலை நீட்ட முடியாமல் தோற்றுவிட்டு வருவார்கள். இந்த முறை பையன்கள் களைக்காமல் போய்ச் சேரட்டும் என்று பழைய மாணவர்கள் விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள்மேல் யாருக்கும் கோபமில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அவர்களில் சிலர் இன்னும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்க்கலாம் அண்ணே, வாங்க.

இந்த ஆண்டுக் கல்லூரி மலரில் அந்தப் பதின்மூன்று பேரைப் பற்றியும் தனித்தனியே எழுதுகிறார்கள். எனக்குக் கிடைத்தவர் அணித் தலைவர் மாயன். மூன்றாமாண்டு வரலாறு, உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். ஆனால் இது ஒப்பாரிக் கட்டுரை இல்லை. ஜெயித்த கதை. ஜெயித்தது யார் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வெற்றிப் புள்ளியை எடுத்தவன் அடியேன், கோரிப்பாளையம் சாதிக்.

என்னைத் தெரியாதவர்கள் கல்லூரியில் இருக்க மாட்டீர்கள். பாதிப் பேரின் செருப்பை ஒளித்துவைத்தவன் நான். கோரிப்பாளையத்தில் எங்கள் அத்தா மைக் செட் கடை வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கபடி, எதற்கும் எங்கள் குழாய்தான் கத்தும். கபடிக்கு மட்டும் மைக்கை என்னிடம் கொடுத்துவிடுவார். அப்படித்தான், கல்லூரியில் சேருவதற்கு முன்பே, ஒரு கிராமத்துப் போட்டியில் மாயன் அண்ணனைப் பார்த்தேன். அவர் “கபடி கபடி” என்று பாடிப் போனால் எதிரணி கடைசிக் கோட்டோரம் ஒண்டிக்கொள்ளும். "மாயன் வந்தா மாயம், பிடிக்க வந்தா காயம்" என்று நான் மைக்கில் எடுத்துவிட, கூட்டம் கூடவே கத்தியது. எனக்குத் தலை கனத்துவிட்டது. அவர் எதிரணிக் களத்தின் நடுவில் நிற்கும்போது, "மாயன் அண்ணே, உங்க வீட்டு எருமை அவுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிக்குது" என்றேன். மனுஷன் திரும்பிப் பார்த்தார். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிவிட்டார்கள்.

ஆட்டம் முடிந்ததும் மேடையை நோக்கி வந்தார். கதவு அகலத்துக்குத் தோள். எனக்கு ஓடத் தோன்றியது, ஒயர் காலில் சுற்றியிருந்தது. என் கையிலிருந்து மைக்கை வாங்கி, ஊருக்கே கேட்கும்படி நிதானமாகச் சொன்னார்: "எருமையக் காணோம்னுதான் தேடி வந்தேன். இங்கன மைக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

அன்றைக்கு அவருக்குக் கிடைத்த கைத்தட்டல் போல எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. மறு ஆண்டு கல்லூரியில் சேர்ந்தபோது அவரே என்னைத் தேடி வந்து, "டேய் எரும, இனிமே நம்ம டீமுக்கு மட்டுந்தான் கத்தணும்" என்று சொல்லி அணியில் சேர்த்துக்கொண்டார். காகிதத்தில் நான் மாற்று வீரன். உண்மையில் மைக்கு. பெயரும் அதுவே ஆனது.

அவரிடம் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று இருந்தது. பாடி வருகிறவனின் விரலோ காலோ தன்மேல் பட்டால், நடுவர் பார்க்காவிட்டாலும், கையைத் தூக்கிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிடுவார். பழைய கபடிக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் என்பார்கள். இப்போது யார் தூக்குகிறார்கள்? சென்ற ஆண்டு தை மாதம், திருப்பரங்குன்றம் பக்கத்தில் நடக்கும் சுழற்கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரே குன்றத்து அணி. அவர்களின் குமரேசன் பாடி வந்து, வெறுங்கையோடு திரும்பிவிட்டான் என்று நடுவரும் காட்டிவிட்டார். நான் மைக்கில், "குமரேசன் வந்தார், காற்று வாங்கினார், போனார்" என்று முடித்துவிட்டேன். மாயன் அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். குதிகாலில் பட்டதாம். அதன்பின் அவர் இல்லாமல் நம் ஆட்கள் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். ஒரே ஒரு புள்ளியில் தப்பித்து ஜெயித்தோம்.

திரும்பி வரும் வேனில் எல்லோரும் அவரை வைதார்கள். "கிறுக்கு மாப்ள நீ. யாருமே பாக்கலைல?" என்றான் கார்த்தி. அவன் அணியின் மாற்று வீரன்.

"ரெஃப்ரிக்குக் கண்ணு ரெண்டுதான். எனக்கு உடம்பு பூராத் தோலு இருக்கு" என்றார் மாயன் அண்ணன். "பட்டது எனக்குத் தெரியும்ல."

"அப்ப கோப்பை போயிருந்தா?"

"போயிருந்தா அடுத்த வருசம் போயி வாங்கிட்டு வாரது. அது என்ன ஓடியா போகுது."

அந்தக் கோப்பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஜெயித்த அணி அதை எடுத்துக்கொண்டு போய், மறு ஆண்டு கொண்டுவந்து வைத்துவிட்டு மறுபடி ஆட வேண்டும். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் அது அந்த அணிக்கே சொந்தம். பிறகு யாரும் கேட்க முடியாது. இதுவரை எந்த அணியும் அப்படி வாங்கியதில்லை. மாயன் அண்ணன் அணிக்கு வந்தபின் நாம் தொடர்ந்து இரண்டு முறை ஜெயித்திருந்தோம். மூன்றாவது முறைதான் அவருக்கு வாய்க்கவில்லை.

பன்னிரண்டு பேருக்கு மேல் போக அனுமதி இல்லாததால் என்னைப் போன்ற மாற்று வீரர்கள் ஊரிலேயே நின்றுவிட்டோம். கிளம்பிய அன்று விமான நிலையத்திலிருந்து எனக்குப் போன் செய்தார். "ஜன்னல் சீட்டுடா. ஆனா ஜன்னலு தொறக்காதாம். வெளிய நின்னு துண்டு போட்டு எடம் பிடிக்க முடியாது போல." பின்னால் மற்றவர்கள் குழுப் புகைப்படத்துக்கு நின்றுகொண்டு அவரைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே போய் நின்றிருக்கிறார். சரியாக அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தை இந்த மலரில் அச்சேறாது. ஆனால் அதன் விளைவை மதுரையே பார்த்தது. உசிலம்பட்டி பேருந்து நிலையத்திலிருந்து கோரிப்பாளையம் சந்திப்பு வரை, சுவர் சுவராகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகளில் அந்தப் படம்தான். பன்னிரண்டு பேர் விறைப்பாக நிற்கிறார்கள். மாயன் அண்ணன் மட்டும் போனைக் காதில் வைத்தபடி, கடைவாய்ப் பல் தெரியச் சிரிக்கிறார்.

மார்கழியில் கல்லூரி ஒரு முடிவு எடுத்தது. இந்த ஆண்டு கபடி அணி கிடையாது. சுழற்கோப்பையை மரியாதையாக விழாக் குழுவிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. எங்களுக்கும் அதுவே சரியென்றுதான் பட்டது. கோப்பை மாயன் அண்ணன் வீட்டில் இருந்ததால் நானும் கார்த்தியும் டவுன் பஸ் பிடித்துப் போனோம்.

அவருடைய அம்மா பேச்சியம்மாள் எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். கோப்பை கண்ணெதிரேதான் இருந்தது. நிறைய மொச்சை விதையைக் கொட்டி, மேலே ஒரு துண்டைக் கட்டிவைத்திருந்தார்.

"கோப்பைய எடுத்துட்டுப் போலாம்னு வந்தோம்மா" என்றான் கார்த்தி.

"யாரு ஜெயிச்சா?"

"இன்னும் ஆட்டம் நடக்கலம்மா. தையிலதான்."

"அப்ப இப்ப எதுக்குத் தூக்க வந்தீக?"

"ஆட ஆளு இல்லம்மா."

"நீ யாரு?"

"நான் சும்மா மாத்து ஆளும்மா."

"மாத்து ஆளுன்னா ஆளு இல்லையா? இவன் யாரு?"

"நான் மைக்கும்மா" என்றேன்.

"ஏன், மைக்குக்குக் கால் இல்லையாக்கும்?"

அவர் துண்டின் முடிச்சை இறுக்கிக் கட்டினார். "ஆடித் தோத்துட்டுக் குடுங்க, நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். ஆடாமக் குடுக்கக் கூடாது. எம்மகன் எதையும் ஆடாமக் குடுத்ததில்ல. போயிட்டு வாங்கய்யா. மொச்சைய நான் எங்கிட்டுக் கொட்டுவேன்."

பஸ்ஸில் திரும்பும்போது கார்த்தி ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். செக்கானூரணி தாண்டியதும், "ஏழு பேரு வேணும்டா" என்றான்.

ஏழு பேரைச் சேர்த்த கதையை எழுதினால் மலரின் பக்கம் போதாது. கார்த்தியும் இன்னொரு மாற்று வீரன் சோலையும் நிஜமான ஆட்டக்காரர்கள். கால்பந்துக் கோல்கீப்பர் ஒருவன் வந்தான். பிடிப்பான், ஆனால் பிடித்ததும் பந்தைப் போலத் தூக்கி எறியப் பார்ப்பான். ஈட்டி எறிகிறவன், மல்யுத்தக்காரன், காரணமே இல்லாமல் உயரமாக இருந்த ஒரு தமிழ்த்துறைக்காரன். ஏழாவதாக நான். முதல்நாள் பயிற்சியில் நான் பாடிப் போன அழகைப் பார்த்துவிட்டு, "இவனத் தொட வேண்டாம்டா, தானா விழுந்துருவான்" என்றான் சோலை. அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள்.

புது ஆட்டச் சட்டைகள் எல்லாம் விமானத்தோடு போய்விட்டன. விளையாட்டு அறையில் முந்தைய ஆண்டின் பழைய சட்டைகள் இருந்தன. முதுகில் அவரவர் பெயர். ஆளாளுக்கு ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஒரு சட்டையை மட்டும் யாரும் தொடவில்லை. வழக்கம்போல் தாமதமாக வந்தவன் நான். மாயன் அண்ணனின் சட்டை எனக்கு முழங்கால் வரை வந்தது. கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினேன்.

முந்தைய ஆண்டு வென்ற அணி நேரே அரையிறுதியில் ஆடலாம் என்பது அங்கே வழக்கம். அரையிறுதியைக் கார்த்தியும் சோலையும் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கரை சேர்த்தார்கள். இறுதிப் போட்டியில் எதிரே அதே குன்றத்து அணி, அதே குமரேசன். கூட்டத்தின் முன்வரிசையில் பதின்மூன்று வீட்டாரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். பேச்சியம்மாள் மொச்சையைக் கொட்டிவிட்டு, கோப்பையைப் புளி போட்டு விளக்கி, கொண்டுவந்து மடியில் வைத்திருந்தார்.

நான் களத்தில் இருந்ததால் மைக் அத்தாவிடம் போயிற்று. அத்தாவுக்குக் கபடி தெரியாது. எங்களில் என்னைத் தவிர யாரையும் தெரியாது. வாழ்நாளெல்லாம் கல்யாண வீட்டு மைக்கில் பேசியவர். அதனால் முதுகில் இருந்ததைப் பார்த்துப் படித்தார்: "தற்சமயம் பாண்டியராஜன் அவர்கள் வருகை தந்துகொண்டிருக்கிறார்கள். அடுத்து, நமது அன்பிற்குரிய மாயன் அவர்கள்."

திடல் அப்படியே அடங்கியது. என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அத்தாவும் நிறுத்திவிட்டார். பேச்சியம்மாளைத்தான் பார்த்தேன். அவர் பக்கத்திலிருந்த பாண்டியராஜனின் அம்மாவிடம் ஏதோ சொன்னார். பிறகு மேடையைப் பார்த்து, "நிறுத்தாதீக பாய், நல்லாச் சத்தமாப் படிங்க" என்றார்.

அத்தா படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கைத்தட்டல் எழுந்தது. அந்தந்த வீட்டார் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து கிளம்பி, திடலைச் சுற்றி வந்தது. அன்றைக்கு நம் அணி பிடித்த பிடிகளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கோல்கீப்பர் பிடித்தது பிடித்தபடி நின்றான். தமிழ்த்துறைக்காரன் தன் உயரத்துக்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டான். புள்ளிக்குப் புள்ளி, சமத்துக்குச் சமம்.

கடைசிப் பாட்டு நமது. புள்ளிகள் சமம். நம் பக்கம் ஆறு பேரும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். பிடிப்பதற்கே தகுதியில்லாதவன் என்று எதிரணி விட்டுவைத்த ஒரே ஆள் களத்தில் மிச்சம். "மாயன் அவர்கள் பாடிச் செல்கிறார்கள்" என்றார் அத்தா. தொடையைத் தட்டினேன். கோட்டைத் தாண்டினேன். புயலாகச் சுழன்றேன், சிங்கமாகச் சீறினேன், குமரேசன் பாய்ந்து வரும்போது பின்னங்காலால் மின்னலாக ஒரு தட்டுத் தட்டி, பறந்து வந்து நடுக்கோட்டைத் தொட்டேன். புள்ளி நமது. கோப்பை நமது. மூன்றாவது முறை, இனி எந்நாளும் நமது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் இன்னும் சிரிப்பு வருகிறது. உணர்ச்சிவசப்பட்ட அத்தா, பழக்க தோஷத்தில், "வந்திருக்கும் உறவினர்கள் அனைவரும் இருந்து உணவருந்திச் செல்லுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று முடித்துவிட்டார். சாப்பாடு என்று எதுவுமே அங்கே கிடையாது. விழாக் குழுத் தலைவர் தலையில் கைவைத்துக்கொண்டார். கூட்டம் கலையவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்த ஊர்த் தெருக்களிலிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகத் தக்காளிச் சாதமும் ஊறுகாயும் வரத் தொடங்கின. உசிலம்பட்டிக்காரர்களும் குன்றத்துக்காரர்களும் கோரிப்பாளையத்துக்காரர்களும் திடலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். பேச்சியம்மாள் என் தட்டில் இரண்டாம் முறை சோறு வைத்துவிட்டு, சட்டையின் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "இம்புட்டுத் தொளதொளன்னு இருக்கே. இதுக்குள்ள ஒடம்பு வரணும்யா, தின்னு."

கோப்பையைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க வேண்டும் என்று கல்லூரி கேட்டது. "வெதப்பு முடியட்டும், தாரேன்" என்று சொல்லி அதையும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அதில் மறுபடியும் மொச்சை இருக்கிறது. சொந்தக் கோப்பை, யாரும் கேட்க முடியாது.

மாயன் அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று எழுதி முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். எருமை என்ற பெயர் மிஞ்சியிருக்கிறது. முழங்கால் வரை வரும் ஒரு சட்டை இருக்கிறது. திருப்பிக் கொடுக்கப் போனேன், பேச்சியம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதை எழுதுவதற்குத்தான் இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். திடலில் இருந்தவர்கள் நான் எழுதிய புயலையும் சிங்கத்தையும் படித்துவிட்டு இந்நேரம் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள்.

நான் சுழலவில்லை, சீறவில்லை. குமரேசன் பாய்ந்து வருவதைப் பார்த்ததும் பயந்து திரும்பி ஓடினேன். நாடா அவிழ்ந்து, கால்சட்டை முட்டியில் சிக்கி, குப்புற விழுந்து உருண்டதில் கை நடுக்கோட்டில் பட்டது. சோலை சொன்னதுதான் நடந்தது. யாரையும் தொட்டதாக எனக்கு நினைவே இல்லை. நடுவரும் புள்ளியில்லாத வெறும் பாட்டு என்றே காட்டினார். அப்போதுதான், எதிர்ப்பக்கம், குமரேசன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான்.

சாப்பிடும்போது அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, பாவம் பாத்து விட்டுக் குடுத்தீகளா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. வேட்டியை விலக்கிக் கணுக்காலைக் காட்டினான். நீளமாக ஒரு கீறல், ரத்தம் காய்ந்திருந்தது. "கபடி ஆட வாரவன் மொதல்ல கால் நகத்த வெட்டிட்டு வாடா."

"எனக்கே தெரியலையேண்ணே."

"எனக்குத் தெரியும்ல" என்றான். சோற்றைப் பிசைந்துகொண்டே மேலும் சொன்னான்: "போன வருசம் உங்காளு எனக்குக் கையத் தூக்குனான். ஊருக்குப் போயி, கிறுக்குப் பயன்னு சொல்லிச் சிரிச்சேன். அப்புறம் அது என் மனச விட்டுப் போகவே இல்ல மாப்ள."

ஆகவே பெரியோர்களே, தாய்மார்களே, கடைசி அறிவிப்பு. வெற்றிப் புள்ளியை எடுத்தவன் அடியேன் என்று இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். அதை எடுத்தது மாயன் அண்ணன். எடுத்தது போன வருடம். நடுவர் பார்க்கவில்லை, ஆனால் பட்டது எனக்குத் தெரியும். நகத்தை வெட்டிவிட்டேன். இதோ, கையைத் தூக்கிவிட்டேன். வெளியே போய் உட்காருகிறேன்.